எப்போதும் நாம்தான் நடக்க வேண்டுமா?

எங்கள் சேரிப் பள்ளிக்கூடத்தைப் பூட்டிவிட்டார்கள். போன ஜூனில் பள்ளி திறக்கிற நாளன்று கதவில் பூட்டுத்தான் தொங்கியது. மிச்சம் இருந்தது நாலு பிள்ளைகள். நாலு பிள்ளைக்கு ஒரு வாத்தியாரா என்று கணக்குப் பார்த்து, நாலு பேரையும் ஊருக்குள் இருக்கிற பள்ளிக்கு மாற்றிவிட்டார்கள். கேட்கப் போனோம். "மூடலீங்க, இணைச்சிருக்கோம்" என்றார் அதிகாரி. பூட்டுக்கு இப்படியொரு பேர் உண்டு என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

நான் படித்த பள்ளிக்கூடம் அது. பலகையில் ஆதிதிராவிடர் நலப் பள்ளி என்றிருக்கும். எங்க ஆயா சாகும்வரை 'லேபர் பள்ளிக்கூடம்' என்றுதான் சொன்னாள். அந்தப் பேருக்குள் ஒரு வரலாறு இருக்கிறது. ஊர்ப் பள்ளிகள் நம் பிள்ளைகளை வாசலிலேயே நிறுத்திய காலத்தில், 1894இல் ஆல்காட் சென்னையில் பஞ்சமர் இலவசப் பள்ளியைத் தொடங்கினார். பின்னர் 1920களில் சென்னை மாகாணத் தொழிலாளர் துறை சேரிகளில் பள்ளிகளைத் திறந்தது. அதனால்தான் லேபர் பள்ளிக்கூடம். தனிப் பள்ளி நாம் ஆசைப்பட்டு வாங்கியதல்ல. ஊர் தன் கதவைச் சாத்தியது, அதனால் நமக்கு வேறு கதவு வைக்கவேண்டி வந்தது.

ஆனாலும் அது நம்முடையதாகிவிட்டது. சேரிக்குள் அரசாங்கம் கட்டிய ஒரே ஓட்டுக் கட்டடம் அதுதான். மழைக்குக் குடிசை ஒழுகினால் பாயைச் சுருட்டிக்கொண்டு அங்கேதான் ஓடுவோம். 1982இல் சத்துணவு வந்தபோது வயிறு நிறையச் சுடுசோறு தின்றது அங்கேதான். தொண்ணூறுகளில் அறிவொளி இயக்கம் வந்தபோது என் அம்மா அந்தத் தாழ்வாரத்தில் உட்கார்ந்துதான் தன் பேரை எழுதக் கற்றாள். அம்பேத்கர் பிறந்தநாளுக்குப் படம் மாட்ட ஓர் ஆணி அந்தச் சுவரில்தான் இருந்தது. இதெல்லாம் எந்தப் பதிவேட்டில் வரும்? அவர்களுக்குத் தெரிந்தது தலைக்கணக்கு மட்டும்தான்.

சரி, அந்தத் தலைக்கணக்கையே பார்ப்போம். பிள்ளைகள் ஏன் குறைந்தார்கள்? அஞ்சு வகுப்புக்கு ஒரே வாத்தியார். அவரையும் தேர்தல் வேலை, கணக்கெடுப்பு வேலை என்று இழுத்துக்கொண்டே இருந்தார்கள். கக்கூசுக்குக் கதவு போட எட்டு வருசம் மனுக் கொடுத்தோம். இன்னொரு பக்கம், 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின்படி தனியார் பள்ளிகளில் 25 விழுக்காடு இடங்களுக்கான கட்டணத்தை அரசே ஏற்றது. சேரி வாசலுக்கே மஞ்சள் வேன் வந்தது. முடிந்தவர்கள் கடன்பட்டு ஏற்றிவிட்டார்கள். அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். முடியாதவர்களின் பிள்ளைகள்தான் அந்த நாலு பேர். முதலில் பட்டினி போட்டார்கள், பிறகு எடை குறைந்துவிட்டது என்று பாடை கட்டினார்கள். எங்கள் ஊர்க் கதை மட்டுமில்லை இது. 2019இல் பிள்ளைகளே இல்லாமல் போன 46 அரசுப் பள்ளிகளை நூலகமாக்குவதாகத் தமிழக அரசு அறிவித்தது.

தொடக்கப் பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்கிறது விதி. வரைபடத்தில் பார்த்தால் ஊர்ப் பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள்தான் இருக்கிறது. நடுவில் நாலுவழிச் சாலை. அதைத் தாண்டினால் ஊர்த்தெரு. அந்த நாலு பேரில் ஒரு பெண்பிள்ளையின் தாய் என்னிடம் கேட்டாள்: "எட்டு வயசுப் புள்ளய அந்த ரோட்டத் தாண்டி எப்டிண்ணே தனியா அனுப்புவேன்? நான் நடவுக்குப் போவட்டுமா, இவளக் கொண்டுபோய் வுடட்டுமா?" அந்தப் பிள்ளை இப்போது தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டு வாசலில் நிற்கிறது. பதிவேட்டில் மட்டும் அது ஊர்ப் பள்ளியில் மூணாவது படிக்கிறது.

பொதுத்தெருவில் நடக்கவும் பொதுக்கிணற்றில் நீரெடுக்கவும் நமக்கு உரிமை உண்டு என்று இரட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தது 1924இல். நூறு வருசம் ஆகிவிட்டது. ஆனால் 2018இல் திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டன்பாளையத்தில், தலித் பெண் சமைத்தால் எங்கள் பிள்ளைகள் தின்னமாட்டார்கள் என்று சாதி இந்துக்கள் பள்ளியை முற்றுகையிட்டார்கள். 2023இல் நாங்குநேரியில் நம் மாணவன் ஒருவனை வீடு புகுந்து வெட்டியது அவனோடு படித்த பையன்கள். இந்தப் பள்ளிக்கூடங்களுக்குத்தான் நம் பிள்ளைகளை "இணைத்து" அனுப்புகிறார்கள்.

தோழர்கள் சிலர் கேட்கிறார்கள்: "தனிப் பள்ளி என்பதே தீண்டாமைதானே? அது ஒழிந்தால் நல்லதுதானே?" நியாயமான கேள்வி. நலத்துறைப் பள்ளிகளைப் பள்ளிக் கல்வித்துறையின் கீழ்க் கொண்டுவருவதாக 2023 நிதிநிலை அறிக்கையில் அரசு அறிவித்தது. பள்ளிப் பெயர்களில் சாதி அடையாளம் கூடாது என்று 2024இல் நீதிபதி சந்துரு குழு சொன்னது. பலகையில் பேர் போகட்டும், எனக்கு வருத்தமில்லை. நானும் பொதுப் பள்ளியைத்தான் கேட்கிறேன்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். எங்கள் பள்ளியில் முப்பது பிள்ளைகளும் ஊர்ப் பள்ளியில் பத்துப் பிள்ளைகளும் இருந்த ஒரு காலமும் உண்டு. அப்போது ஊர்ப் பிள்ளைகளைச் சேரிப் பள்ளிக்கு அனுப்பச் சொல்லி ஒரு காகிதம் வந்ததா? எந்த அதிகாரி வாயிலாவது 'இணைப்பு' என்ற சொல் வந்ததா? சேரி ஊருக்குள் நடந்துபோனால் இணைப்பு. ஊர் சேரிக்குள் நடந்துவந்தால் அதற்கு இவர்களிடம் சொல்லே இல்லை. எப்போதும் நாம்தான் நடக்க வேண்டுமா? நம் ஆறு வயசுப் பிள்ளையின் காலை நடக்கவைத்துத்தான் இந்த நாட்டில் சமத்துவம் வரவேண்டுமா?

எனவே நம் கோரிக்கை இதுதான்: சேரியில் இருக்கிற பள்ளியைப் பொதுப் பள்ளியாக்கு. வகுப்புக்கு ஒரு வாத்தியார் போடு. நல்ல கட்டடம், கக்கூசு, தண்ணீர் எல்லாம் இங்கே கொடு. ஊர்ப் பிள்ளைகள் இங்கே வரட்டும். சாலையைத் தாண்ட அவர்களுக்கும் கால் இருக்கிறது. பயமாக இருந்தால் அரசு வண்டி விடட்டும்.

படிக்கிற தம்பி தங்கைகளுக்கு ஒரு வேலை. விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது உங்கள் சேரிப் பள்ளி திறந்திருக்கிறதா என்று பாருங்கள். எத்தனை பிள்ளை, எத்தனை வாத்தியார், மாற்றப்பட்ட பிள்ளைகள் உண்மையிலேயே பள்ளிக்குப் போகிறார்களா என்று வீடு வீடாகக் கேட்டு எழுதுங்கள். கிராமசபையில் தீர்மானம் கேளுங்கள், மறுத்தால் மறுத்ததையும் எழுதுங்கள். பதிவேட்டில் மட்டும் படிக்கிற பிள்ளைகளின் கணக்கை நாம் எடுப்போம்.

எங்கள் பள்ளிக்கூடத்துச் சுவரில் அந்த ஆணி இன்னும் இருக்கிறது. சன்னல் வழியாகப் பார்த்தேன். வருகிற ஏப்ரல் 14க்குப் படத்தோடு போகப்போகிறோம். பூட்டைத் திறப்பது அவர்கள் பொறுப்பு. திறக்கவைப்பது நம் பொறுப்பு.