அம்மா பேசாததால் வருவதல்ல ஆட்டிசம்

மூன்று வயதாகியும் பிள்ளைக்குப் பேச்சு வரவில்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பவில்லை என்றால் சொந்தபந்தங்கள் உடனே தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள்: "வீட்டில் பேச ஆளில்லை, அம்மாக்காரி செல்போனைக் கொடுத்துவிட்டு வேலையைப் பார்க்கிறாள்." இது படிக்காதவர்களின் பேச்சு என்று ஒதுக்க முடியாது, அமெரிக்க மனநல மருத்துவமே இதை அறிவியல் என்று சொல்லிக்கொண்டிருந்தது. 1943இல் 11 குழந்தைகளை விவரித்து ஆட்டிசத்தை அறிமுகப்படுத்திய லியோ கானர், அது பிறவியிலேயே உள்ளது என்றுதான் எழுதினார். பெற்றோரிடம் கனிவு குறைவு என்றும் கூடவே குறித்தார். அந்த உபரிக் குறிப்புதான் கிளைவிட்டு, 'ஃபிரிட்ஜ் அம்மா' என்ற பட்டமானது. சிகாகோவின் உளவியலாளர் புரூனோ பெட்டல்ஹைம் 1967இல் எழுதிய நூலில், இந்தப் பிள்ளைகளை நாஜி முகாம் கைதிகளோடு ஒப்பிட்டார். அப்படியானால் காவலாளி யார்? பெற்ற தாய்!

இவர்கள் பார்த்ததில் பிழையில்லை. காரணத்தையும் விளைவையும் இடம் மாற்றியதுதான் பிழை. கொஞ்சினால் சிரிக்காமல், முகம் பார்க்காமல், தூக்கினால் விறைத்துக்கொள்ளும் குழந்தையிடம் எவ்வளவு நாள்தான் ஒருத்தி தனியாகப் பேசிக்கொண்டிருப்பாள்? அவள் பேச்சு "வா, சாப்பிடு, தொடாதே" என்று சுருங்கிப்போகும். அந்த நிலையில் அவளைப் பார்ப்பவர்கள், அவள் பேசாததால்தான் பிள்ளை இப்படி என்கிறார்கள். அதே வீட்டில் அதே தாயிடம் வளர்ந்த மூத்த பிள்ளை வாய் ஓயாமல் பேசுவது மட்டும் யார் கண்ணிலும் படுவதில்லை. 1977இல் ஃபோல்ஸ்டீனும் ரட்டரும் பிரிட்டனில் ஒருவருக்காவது ஆட்டிசம் இருந்த 21 இரட்டையர் ஜோடிகளை ஆராய்ந்தார்கள். ஒரே கருவிலிருந்து பிரிந்த 11 ஜோடிகளில் 4இல் இருவருக்குமே ஆட்டிசம். தனித்தனிக் கருவில் உருவான 10 ஜோடிகளில் ஒன்றில்கூட அப்படி இல்லை. வளர்ப்புதான் காரணமென்றால் இந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது? பின்வந்த பெரிய ஆய்வுகளும் மரபணுவையே முக்கியக் காரணமாகக் காட்டின.

"பெற்றோருக்குப் பேசப் பழக்கினால் பிள்ளை தேறுகிறதே" என்று கேட்கலாம். தேறுவது உண்மை, பிரிட்டனில் 152 குழந்தைகளை வைத்து நடந்த பாக்ட் ஆய்வில் அதன் பலன் ஆண்டுகள் கழித்தும் தெரிந்தது. ஆனால் மாத்திரையில் தலைவலி தீர்ந்தால், மாத்திரை சாப்பிடாததால் தலை வலித்தது என்று யாரும் சொல்வதில்லையே. செல்போனைக் குறைப்பதும் நல்லதுதான், வீட்டில் பேச்சு கூடும். போனைப் பிடுங்கிவிட்டு, தானே சரியாகிவிடும் என்று பரிசோதனையைத் தள்ளிப்போடும்போதுதான் கேடு. பழிக்கு அஞ்சும் தாயோ பிள்ளையின் நடத்தையை மருத்துவரிடம்கூடப் பாதி மறைத்துத்தான் சொல்கிறாள்.