வண்டி என்றைக்கு வரும்? காப்பீட்டு ஆணையத் தலைவருக்கு ஒரு திறந்த மடல்

இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையத்தின் தலைவர் அவர்களுக்கு,

விபத்தில் அடிபட்ட காரை ஒர்க் ஷாப்பில் விட்டுவிட்டுக் காத்திருக்கும் பாலிசிதாரர்களுக்காக இதை எழுதுகிறேன். பணம் எவ்வளவு கிடைக்கும் என்பதைவிட அவர்கள் அதிகம் கேட்பது, "வண்டி என்றைக்கு வரும்?" என்பதைத்தான். அதற்குப் பதில் சொல்லும் கடமை இன்று யாருக்கும் இல்லை.

2024 ஜூனில் உங்கள் ஆணையம் வெளியிட்ட சுற்றறிக்கையை நான் மனதார வரவேற்றேன். தகவல் கிடைத்த 24 மணி நேரத்துக்குள் சர்வேயர், 15 நாளில் அவருடைய அறிக்கை, அது வந்த 7 நாளில் நிறுவனத்தின் முடிவு என்று கெடு வைத்தீர்கள். முன்பிருந்த முப்பது நாள் கெடுக்களைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். ஆனால் அந்தக் கெடு முடிவு சொல்வதோடு நின்றுவிடுகிறது. அதற்குப் பிறகு வண்டி மாதக்கணக்கில் கிடந்தாலும் உடனே கேட்க வழியில்லை.

வேலைக்கே நாள் பிடிக்கும், அதை நான் மறுக்கவில்லை. நெளிந்த தகட்டைத் தட்டி நிமிர்த்தி, பட்டி பூசிக் காயவிட்டுத் தேய்த்து, பிரைமர் அடித்து, மறுபடி தேய்த்து, நிறம் ஏற்றி, அதன்மேல் கிளியர் கோட் அடித்து, பூத்தில் சுமார் 60 டிகிரி சூட்டில் வைத்து எடுக்க வேண்டும். பட்டி காயுமுன் பெயின்ட் அடித்தால் பிறகு கொப்பளித்துக்கொண்டு வரும். சேசிஸ் வளைந்திருந்தால் பெஞ்சில் ஏற்றி, அளவு பார்த்து இழுக்க வேண்டும். ஏர்பேக் வெடித்திருந்தால் அதோடு சேர்ந்த மற்ற பாகங்களையும் சோதிக்க வேண்டும். பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகப்போகும் வண்டி. டிங்கரையோ பெயின்டரையோ அவசரப்படுத்தும்படி எவரும் கேட்கவில்லை.

என் வருத்தமெல்லாம் யாரும் ஸ்பேனரைத் தொடாமல் கழியும் நாள்களைப் பற்றியது. முன்பக்கம் அடிபட்ட காருக்கு வெளியிலிருந்து பார்த்துத்தான் முதல் எஸ்டிமேட் போடுகிறார்கள். பம்பரைக் கழற்றினால் உள்ளே ரேடியேட்டர் நசுங்கியிருக்கிறது, ஏசி கண்டென்சர் ஓட்டையாகியிருக்கிறது. "பிரிச்சாத்தான் சார் தெரியும்" என்று மெக்கானிக் சொல்வது நியாயமே. உடனே கூடுதல் எஸ்டிமேட் காப்பீட்டு நிறுவனத்துக்குப் போகிறது. இந்த இரண்டாவது ஒப்புதல் எப்போது வரும் என்று வண்டிக்காரருக்கு எவரும் சொல்வதில்லை. அது வந்த பிறகுதான் பார்ட்ஸ் ஆர்டர். ஒரே ஒரு ஹெட்லைட் கம்பெனி கிடங்கில் இல்லையென்றால், மற்ற வேலையெல்லாம் முடிந்த வண்டியும் நிற்கும். வெளியே வாங்கிக்கொள்ளலாமே என்றால் அதுவும் லேசில்லை. அசல் உதிரிபாகங்கள் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காதபடி தடுத்ததற்காக 14 கார் நிறுவனங்களுக்கு 2,500 கோடி ரூபாய்க்கும் மேல் இந்தியப் போட்டி ஆணையம் 2014-இல் அபராதம் விதிக்க வேண்டியிருந்த நாடு இது.

போன் செய்தால் "இன்சூரன்ஸ் அப்ரூவல் வரல" என்கிறது ஒர்க் ஷாப். "ஒர்க் ஷாப்ல இருந்து இன்னும் பேப்பர் வரல" என்கிறது இன்சூரன்ஸ். கால் டாக்ஸி ஓட்டும் என் உறவினர் ஒருவர் இந்த இரண்டு பதில்களுக்கும் நடுவில் ஒரு மழைக்காலம் முழுவதையும் கழித்தார். வண்டிக் கடனின் மாதத் தவணை மட்டும் ஒரு நாளும் தவறாமல் பிடிக்கப்பட்டது. வேறொருவர் வண்டியை இரவு ஷிப்டுக்கு எடுத்து ஓட்டித்தான் அதைக் கட்டினார். சாதாரண பாலிசி சேதத்தை ஈடுசெய்யும். ஓடாமல் நின்ற நாள்களின் வருமானத்துக்கு அதில் இடமில்லை. தினப்படி தரும் துணைப் பாதுகாப்புக்குத் தனியாகப் பிரீமியம் கட்ட வேண்டும், அதுவும் குறிப்பிட்ட சில நாள்களுக்குத்தான்.

ஒர்க் ஷாப்கள் உங்கள் அதிகாரத்துக்கு வெளியே இருப்பவை என்று பதில் வரலாம். மருத்துவமனைகளும் அப்படித்தானே? கேஷ்லெஸ் சிகிச்சை முடிந்து வீடு திரும்புவோருக்கு 3 மணி நேரத்துக்குள் இறுதி ஒப்புதல் தர வேண்டும், தாமதத்தால் மருத்துவமனை கூடுதலாகக் கேட்கும் தொகையை நிறுவனம் தன் பங்குதாரர் நிதியிலிருந்து ஏற்க வேண்டும் என்று 2024 மே மாதம் உத்தரவிட்டது உங்கள் ஆணையம்தான். கேஷ்லெஸ் ஒர்க் ஷாப்பைத் தேர்ந்தெடுத்து, ஒப்பந்தம் போட்டு, எங்களை அங்கே அனுப்புவதும் காப்பீட்டு நிறுவனம்தான். அந்த ஒப்பந்தத்தில் நிபந்தனை சேர்க்கச் சொல்ல உங்களால் முடியும்.

வண்டியைப் பிரித்துப் பார்த்தவுடன், திருப்பித் தரும் தேதியை எழுத்தில் கொடுக்கச் செய்யுங்கள். கூடுதல் எஸ்டிமேட்டுக்கு 48 மணி நேரத்தில் பதில் வர வேண்டும். பார்ட்ஸ் தாமதம் என்றால் எந்தப் பாகம், என்றைக்கு ஆர்டர் போட்டது, எப்போது வரும் என்பது வண்டிக்காரரின் செல்போனுக்கு வந்து சேரட்டும். ஒப்புதல் தாமதத்தால் தேதி தள்ளிப்போனால் நாளொன்றுக்கு இவ்வளவு என்று நிறுவனம் ஈடு தரட்டும். வாடகை வண்டிகளுக்கு அது கூடுதலாக இருக்கட்டும். இப்போது நிறுவனத்திடம் முறையிட்டு, பதில் வராவிட்டால் ஒரு மாதம் காத்திருந்த பிறகே காப்பீட்டு ஓம்புட்ஸ்மனிடம் போக முடிகிறது. வண்டி ஒர்க் ஷாப்பிலேயே நிற்கும் வழக்குகளுக்கு அந்தக் காத்திருப்பைக் குறைக்கும்படி மத்திய அரசுக்குப் பரிந்துரை செய்யுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாகன பாலிசிதாரர்