பேரீச்சம்பழத்துக்குப் போடச் சொல்லும் பேரறிவு

பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் கொடுத்துவிட்டுப் போன தெரு வியாபாரி நேர்மையானவன். தன் தராசுக்குச் சூழலியல் விளக்கம் எதையும் அவன் அளித்ததில்லை. 2021 ஆகஸ்ட் 13 அன்று தொடங்கிவைக்கப்பட்ட வாகன உடைப்புக் கொள்கை அப்படியல்ல. வண்டியை உடைக்கக் கொடுத்தவருக்கு ஒரு சான்றிதழ், அதைக் காட்டிப் புது வண்டி வாங்கினால் சலுகை, போதாக்குறைக்குக் காற்றைக் காப்பாற்றிய புண்ணியம்!

திருவண்ணாமலையைச் சுற்றிலும், செங்கம், தண்டராம்பட்டுப் பக்கங்களில், கிணற்றுப் பாசனக்காரர்களின் கொட்டகைகளில் நிற்கும் பழைய டாடா 407களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். 1986இல் சந்தைக்கு வந்த ரகம். மல்லாட்டை மூட்டை, எரு, மாட்டுத் தீவனம், சந்தைக்குக் காய்கறி: அதன் உலகம் அவ்வளவே. காலையில் கிளம்ப மறுக்கும். நாலு பேர் தள்ள வேண்டும். டீசல் குழாயில் காற்று அடைத்துக்கொள்ளும். திருகைத் தளர்த்திக் கைப்பம்பை அடித்து, குமிழி அடங்கும்வரை காத்திருக்க வேண்டும். பாரம் தாங்காமல் பட்டை முறியும். ஆனால் இக்கோளாறுகள் யாவும் கண்ணுக்குத் தெரிபவை, உள்ளூர்ப் பட்டறையின் கைக்கு எட்டுபவை. 2020 ஏப்ரல் முதல் விற்கப்படும் பி.எஸ். 6 வண்டிகளின் புகை தூயது, மறுக்கவில்லை. அவற்றில் ஒரு சென்சார் பழுதானாலோ, கணினியோடு உட்கார்ந்திருப்பவரைத் தேடி நகரத்துக்குப் போயாக வேண்டும்.

வயதைப் பார்க்கவில்லை, தகுதியைத்தான் பார்க்கிறோம் என்பது அரசுத் தரப்பின் வாதம். அப்படியானால் கட்டணம் ஏன் வயதைப் பார்க்கிறது? 15 வயது கடந்த கனரக லாரியின் எஃப்.சி.யைப் புதுப்பிக்க 12,500 ரூபாய் என்றது 2021 அக்டோபர் அறிவிப்பு. 20 வயது கடந்தால் 25,000 என்றது 2025 நவம்பர் அறிவிப்பு. சிறிய வண்டிகளுக்குத் தொகை குறைவு. வயதேற ஏறக் கூடும் கணக்கு மட்டும் அதுவேதான். சோதனையில் தேறிய வண்டிக்கும் இதே தொகை என்றால், இதற்குப் பெயர் சோதனைக் கட்டணமா, முதுமைக்கு அபராதமா?

புகைக் கணக்கையும் பார்த்துவிடுவோம். நாளுக்கு 300 கிலோமீட்டர் ஓடும் புது வாடகை லாரி ஒன்று. வாரத்துக்கு 40 கிலோமீட்டர் ஓடும் தோட்டத்துக் கிழவண்டி ஒன்று. கிழவண்டி ஓராண்டில் ஓடுவதைப் புதியது ஏழே நாளில் ஓடிவிடும். கிலோமீட்டருக்குப் பத்து மடங்கு நஞ்சைக் கிழவண்டி கக்குவதாகவே வைத்துக்கொண்டாலும், அதன் ஓராண்டுப் பாவம் மற்றதன் எழுபது நாள் பாவத்துக்குச் சமம். கடனில் புது வண்டி எடுத்த விவசாயி என்ன செய்வார்? தவணை கட்டுவதற்காக அதை வாடகைக்கு விடுவார். இரவும் பகலும் ஓட்டுவார். காற்றுக்கு இதில் என்ன லாபம்? இரும்பை உருக்கி அந்தப் புது வண்டியைச் செய்த புகையை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை.

பிரேக் பிடிக்காத வண்டி பௌர்ணமி இரவில் கிரிவலக் கூட்டத்துக்குள் புகுந்தால் என்ன ஆகும் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அதற்கு விடையும் நம்மிடமே இருக்கிறது. கார்த்திகைத் தீபத் திருவிழாவின் ஏழாம் நாளில் மாட வீதிகளைச் சுற்றிவரும் பெரிய தேருக்கு வயதாகிறதென்று யாரும் அபராதம் போடுவதில்லை. தேரோட்டத்துக்கு முன் பொதுப்பணித் துறையினர் தேரைச் சோதித்து உறுதிச் சான்று வழங்குவது தமிழகத்து வழக்கம்; தேருக்கும் எஃப்.சி. உண்டு! திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பெல் நிறுவனம் ஹைட்ராலிக் பிரேக்கே செய்து பொருத்தியது. முதிய வாகனத்தை நிறுத்தும் வித்தை நமக்குத் தெரியாததல்ல.

உழவு டிராக்டரைப் போக்குவரத்து வாகனங்களிலிருந்து பிரித்து, தனி வகையாக நம் விதிகள் ஏற்கின்றன. அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் பண்ணை லாரிகளுக்கென்றே தனி எண்பலகையும் குறைந்த கட்டணமும் உண்டு. இங்கும் சொந்த விளைச்சலை மட்டும், குறிப்பிட்ட தூரத்துக்குள் ஏற்றிச் செல்லும் வண்டிகளுக்கு ஒரு தனி வகை வேண்டும். பிரேக், ஸ்டியரிங், புகை மூன்றிலும் ஆண்டுதோறும் கடுமையான சோதனை இருக்கட்டும். தேறாத வண்டி நிற்கட்டும். பழுது பார்த்துத் திரும்ப வரட்டும். தேறிய வண்டியிடம் மட்டும் பிறந்த ஆண்டைக் கேட்காதீர்கள்.