கயிறு யார் கையில்?

நெய்வேலி என்றதும் எல்லோருக்கும் கண்ணில் நிற்பது பக்கெட் வீல் எக்ஸ்கவேட்டர்தான். சக்கரத்தைச் சுற்றிப் பக்கெட்டுகள். பெரிய எந்திரத்தில் ஒரு பக்கெட் 1400 லிட்டர்; நம்ம வீட்டுக் கணக்கில் ஏறக்குறைய நூறு குடம். வெட்டிய மண்ணைக் கன்வேயரில் கொட்டும். பெல்ட் அதை ஸ்பிரெடருக்குக் கொண்டுபோகும். ஸ்பிரெடர், நிலக்கரி எடுத்து முடித்த பள்ளத்தில் பரப்பும். 1957 மே 20-இல் நேரு தொடங்கிவைத்த சுரங்கம். பிள்ளைகளைக் கூட்டிப்போய் அண்ணாந்து பார்க்கவைக்கிறோம்.

கொஞ்சம் கீழேயும் பார்க்கலாம். அங்கே மண்வெட்டியோடு ஒருத்தன் நிற்கிறான். மழை பெய்தால் களிமண் ரோலரில் அப்பும், ஓரமெல்லாம் சிந்தும். குவியவிட்டால் பெல்ட் விலகி உரசும், சூடேறும், லிக்னைட் தூள் தீப்பிடிக்கும். ஆகவே யாராவது சுத்தம் செய்துகொண்டே இருக்க வேண்டும். சுத்தம் செய்வது யார் என்ற கேள்வி இந்த நாட்டில் எங்கே போய் முடியும் என்று நமக்குத் தெரியாதா?

நான் வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவன். ஒருநாள் பெரியவர் ஒருவர் பணம் எடுக்க வந்தார். வலது கையில் கட்டைவிரல் இல்லை. "ரேகைக்கு இந்தக் கை போதுமா சார்?" என்று இடது கையை நீட்டினார். விழுப்புரம் பக்கம் ஏதோ ஒரு கல்குவாரி கிரஷரில் போனதாம். "பெல்ட்ட நிறுத்தாமத்தான் சுத்தம் பண்ணச் சொன்னாங்க சார். கயிறு பக்கத்துலயே இருந்துச்சு. இழுத்திருந்தா மறுநாள் வேலை கெடையாது."

அந்தக் கடைசி வார்த்தையை விட்டுவிட்டுப் பாதுகாப்பு பற்றி என்ன பேசினாலும் வெற்றுப் பேச்சு.

கன்வேயர் ஓரமாக ஓடும் அந்தக் கயிறு, எந்த இடத்தில் நிற்பவனும் இழுத்து மொத்த பெல்ட்டையும் நிறுத்துவதற்கானது. ரோலரில் கைவைக்கும் முன் மின்சாரத்தைத் துண்டித்துப் பூட்ட வேண்டும். சாவி உள்ளே இறங்குகிறவன் பையில் இருக்க வேண்டும். லோடர் பின்னால் வரும்போது டிரைவர் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஆள் நிற்கக் கூடாது. நிறுத்தினால் பக்கெட்டைத் தரையில் இறக்கிவிட வேண்டும். இதெல்லாம் படித்தவன் மட்டும் அறிந்த ரகசியமில்லை. மண்வெட்டி பிடிக்கிறவனுக்கும் தெரியும். அறிவு இருக்கிறது, அதிகாரம்தான் இல்லை.

2020-இல் நெய்வேலி இரண்டாம் அனல்மின் நிலையத்தில் மே 7 அன்று பாய்லர் வெடித்தது. 55 நாள் கழித்து, ஜூலை 1 அன்று அதே நிலையத்தில் இன்னொரு பாய்லர். அன்றைக்கே 6 பேர் செத்தார்கள். ஒப்பந்தத் தொழிலாளர்கள். அது பாய்லர், இது பெல்ட். ஆனால் ஆபத்துக்குப் பக்கத்தில் நிறுத்தப்படுவது யார் என்ற கேள்வி ஒன்றுதான்.

"எந்திரத்துக்குச் சாதி தெரியுமாய்யா?" என்று ஒரு தொழிற்சங்க நண்பர் கேட்டார். எந்திரத்துக்குத் தெரியாது தோழர். அதன் பக்கத்தில் ஆளை நிறுத்துகிறவனுக்குத் தெரியும். நிலம் எடுத்தபோது இழப்பீடும் வேலையும் பட்டாவை வைத்துத்தான் பேசப்பட்டன. பட்டா உள்ளவனுக்கே போராடித்தான் கிடைத்தது. அந்த நிலத்தில் நாற்று நட்ட சேரிக்காரிக்கு எந்தக் காகிதம் இருந்தது? நிலமில்லாதவன் நிலத்தையும் இழந்தான் என்று எந்த ரிஜிஸ்தரிலும் எழுதவில்லை. அவள் பேரன் ஒப்பந்தக்காரனிடம் போய் நிற்கிறான் என்றால் அது விதியா, ஏற்பாடா?

நிரந்தரத் தன்மையுள்ள வேலையில் ஒப்பந்த முறையைத் தடைசெய்ய 1970 சட்டத்தின் 10ஆம் பிரிவே வழிவிட்டது. பெல்ட் ஓடும்வரை மண் சிந்தும். இதைவிட நிரந்தரமான வேலை எது?

அம்பேத்கர் வைஸ்ராய் கவுன்சிலில் தொழிலாளர் உறுப்பினராக இருந்தபோது, 1943 டிசம்பரில் தன்பாத் பக்கம் நிலக்கரிச் சுரங்கங்களுக்கு நேரில் போனார். கோப்பில் படித்தது போதும் என்று இருந்துவிடவில்லை. நாமும் இறங்கிப் பார்த்துக் கேட்போம்.

கயிறு இழுத்தவனின் வேலைக்கு எழுத்துமூலம் உத்தரவாதம் வேண்டும். பயிற்சி என்பது கையெழுத்து வாங்குவதாக இல்லாமல், பெல்ட் பக்கத்தில், தமிழில், செய்துகாட்டுவதாக இருக்க வேண்டும். எந்த வேலையில் யார் நிற்கிறார்கள், யார் காயம்பட்டார்கள், யார் செத்தார்கள் என்பதை நிரந்தரம், ஒப்பந்தம், சாதி வாரியாக வெளியிட வேண்டும். மறைக்க ஒன்றுமில்லை என்றால் வெளியிடுவதில் என்ன தயக்கம்?

ஹெல்மெட் கொடுத்தாச்சு என்பார்கள். தலைக்கு ஹெல்மெட் சரி, கைக்குக் கயிறு எங்கே?