கஞ்சமலையும் பறங்கிப்பேட்டையும்

கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு ரயிலில் செல்லும் குடும்பத்தார், பறங்கிப்பேட்டை ஸ்டேஷன் வரும் சமயத்தில் பெரும்பாலும் பலகாரப் பொட்டலத்தை அவிழ்த்துக் கொண்டிருப்பார்கள். நடராஜ தரிசனத்துக்குப் போகிறவர்களுக்கு வழியிலுள்ள ஊரில் என்ன காரியம்? நாமும் பல தடவை அப்படித்தான் போனோம். கஞ்சமலையில் ஏறி இறங்கிய பிறகுதான், அந்த ஸ்டேஷனில் தலையை நீட்டிப் பார்க்க வேண்டுமென்று தோன்றிற்று.

கஞ்சமலை சேலத்துக்கு அருகில் உள்ளது. 3000 அடிக்கு மேற்பட்ட உயரம். அடிவாரத்துச் சித்தர் கோயிலுக்கு அமாவாசைதோறும் ஜனங்கள் திரளாக வருகிறார்கள். மலைமேல் நடக்கையில் காலில் இடறும் கருங்கல் ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். அளவுக்கு மீறிய கனம். காந்தத்தைக் காட்டினால் இழுக்கும். அத்தனையும் இரும்புத் தாது!

இந்த வட்டாரத்துக் கொல்லர்கள் மண் உலையில் கரியிட்டு, தோல் துருத்தி ஊதி, இரும்பு எடுத்தார்கள். அதைச் சிறு மண்குகையில் ஆவாரங் குச்சியும் எருக்கிலையும் சேர்த்து மூடிக் காய்ச்சினால் எஃகு பிறக்கும். மேனாட்டார் வியந்த 'ஊட்ஸ்' எஃகு இதுவே.

கம்பெனி உத்தியோகஸ்தராயிருந்த ஜோஷையா மார்ஷல் ஹீத் என்னும் ஆங்கிலேயர், சர்க்காரிடம் கடனும் தனி உரிமையும் பெற்று, 1830-ல் பறங்கிப்பேட்டையில் பெரிய இரும்பாலை நிறுவினார். சேலத்துத் தாது பரிசல்களில் ஏறிக் காவிரி, கொள்ளிடம் வழியாகக் கடற்கரைக்குப் போயிற்று. உருக்கிய இரும்பு கப்பலேறி இங்கிலாந்து சேர்ந்தது. நம்மவர் எஃகு செய்யும் முறையைப் பற்றி 1839-ல் ஹீத் ஒரு கட்டுரையும் எழுதினார். ஆனால் பெரிய உலைக்குப் பெரும் பசி. கரிக்காகக் காடுகள் அழிந்தன. கரி அருகவே, 1860-களில் ஆலை ஓய்ந்தது. மலிவான சீமை இரும்பு வந்திறங்க, கொல்லரின் சிற்றுலைகளும் ஒவ்வொன்றாக ஆறிப்போயின. கற்றுக் கொடுத்தவன் கை வெறுங்கையாயிற்று!

1970-ல் கஞ்சமலைக்கு அருகே சேலம் உருக்காலைக்கு இந்திரா காந்தி அடிக்கல் நாட்டினார். அங்கே இன்று துருப்பிடிக்காத எஃகு தயாராகிறது. மகிழ்ச்சியே. ஆயினும் இந்த மலையை வெட்டும் பேச்சு எழும்போதெல்லாம் இரண்டு கேள்விகளை நாம் கேட்டாக வேண்டும்: காட்டுக்கு என்ன ஆகும்? பலன் யாருக்குப் போகும்? பறங்கிப்பேட்டை கற்பித்த பாடம் இது.

அயர்லாந்தில் விக்லோ மலைகளிலுள்ள கிளெண்டலாக் பள்ளத்தாக்கில் பழைய ஈயச் சுரங்கத்தின் சிதைவுகளினூடே மக்கள் உலாவச் செல்கிறார்கள். சுரங்கத் தொழிலாளரின் பெயராலேயே அங்கு ஒரு பாதை வழங்குகிறது. நாமும் விடுமுறையில் குழந்தைகளைக் கஞ்சமலைக்கு அழைத்துச் செல்வோம். கல்லைக் கையில் கொடுத்துக் கதையைச் சொல்வோம். கேட்டபின் கல்லை இருந்த இடத்திலேயே வைக்கவும் கற்பிப்போம்.