வாப்பாவின் மறதியும் முதுகில் ஊசியும்



கற்பிட்டிப் பக்கத்துச் சகோதரி ஒருவர் எழுதியிருக்கிறார். ஆறு வருடமாகப் பார்க்கின்சன் எனும் நடுக்க வருத்தமுள்ள அவரது வாப்பா, எத்தனை ரக்அத் தொழுதோம் என்பதை இப்போது மறக்கிறாராம். அந்திநேரத்தில் அறை மூலையில் சிறு பிள்ளைகள் நிற்பதாகவும் சொல்கிறாராம். வீட்டில் சிலர் ஜின் என்கிறார்கள். கத்தாரிலுள்ள தம்பியோ, "முள்ளந்தண்டு நீரைச் சோதித்தால் மறதி வருமா என்று முன்பே தெரியுமாம், கொழும்புக்குக் கொண்டு போங்கள்" என்கிறார்.

முதலில் அந்தப் பிள்ளைகள். இல்லாதது கண்ணில் தெரிவது இந்த வருத்தத்தில் வைத்தியர்கள் நன்கறிந்த அறிகுறி. நோயாலும் வரும், அதற்குக் கொடுக்கும் குளிசைகளாலும் வரும்.

இனி ஊசி. மூளையையும் முண்ணாணையும் சுற்றித் தெளிந்த நீர் ஒன்று இருக்கிறது. அமிலாயிட் பீட்டா 42 என்ற புரதம் அந்நீரில் குறைந்திருந்தால், அது மூளையில் படிகிறது என்று கொள்ளலாம். அத்தகைய நோயாளருக்கு அறிவாற்றல் விரைவாகக் குறையும் வாய்ப்பு அதிகம் என்று 2010இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. 2023இல் ஆல்ஃபா சினூக்ளின் என்ற வேறொரு புரதத்தைத் தேடும் சோதனை, பார்க்கின்சன் நோயாளரில் 100க்கு 88 பேர் வரை சரியாகக் காட்டிக்கொடுத்தது. ஆனால் அது நோயைக் காட்டுமே தவிர, மறதி எப்போது வரும் என்று சொல்லாது.

ஊசியால் கால் விளங்காமல் போய்விடும் என்று பயப்பட வேண்டாம். முண்ணாண் முடியும் இடத்துக்குக் கீழேதான் குத்துவார்கள். சிசேரியனுக்கு முதுகில் ஊசி போட்டுக்கொண்ட சகோதரிகளுக்கு அந்த இடம் தெரியும். சில நாள் தலைவலி இருக்கலாம்.

என்றாலும் உங்கள் வாப்பாவுக்கு இது வேண்டாம் என்பதே என் அபிப்பிராயம். மறதிதான் வந்துவிட்டதே, வருமா என்று கேட்கும் சோதனை எதற்கு? முடிவு எதுவானாலும் அதைத் தடுக்கும் மருந்து இன்னும் இல்லை. தம்பியின் காசு மிஞ்சட்டும்.

அவர் குடிக்கும் எல்லாக் குளிசைகளையும் ஒரு பையில் போட்டு கிளினிக்குக் கொண்டு போங்கள். பென்ஸ்ஹெக்ஸோல் அதில் இருக்கிறதா என்று கேளுங்கள். நடுக்கத்தைக் குறைக்கும் அந்தக் குளிசை, வயதானவர்களின் ஞாபகத்தை மழுங்கடிக்கும். வைத்தியர் அதை மெல்லக் குறைத்ததும் தெளிந்தவர்கள் உண்டு. நீங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள். லெவோடோபாவைத் திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. மறதிக்கென்று ரிவாஸ்டிக்மின் என்ற மருந்தும் உண்டு, சிலருக்கு ஓரளவு உதவும். ஓரிரு நாளிலேயே குழப்பம் கூடினால் சிறுநீரில் கிருமியா என்று உடனே பாருங்கள்.

தொழுகையில் பேரப்பிள்ளை ஒருவர் பக்கத்தில் நிற்கட்டும். அந்திக்கு முன்பே விளக்கைப் போட்டு, மூலையில் தொங்கும் சாரனையும் சட்டையையும் எடுத்துவிடுங்கள். மங்கிய வெளிச்சத்தில் பல வேளை அவைதான் பிள்ளைகளாகத் தெரிகின்றன.