முட்டுக்கட்டையும் ஒரு திருப்பணியே

ஊர் கூடித் தேர் இழுப்பதைக் கூட்டுமுயற்சிக்கு உவமையாகக் கூறுவது வழக்கம். ஆனால் எல்லோரும் வடம் பிடித்து இழுப்பதால் மட்டும் தேர் நிலைக்கு வந்து சேர்வதில்லை.

திருவாரூர் ஆழித்தேர் இதற்குச் சான்று. அலங்கரித்த நிலையில் 96 அடி உயரமும் ஏறத்தாழ 300 டன் எடையும் கொண்ட அத்தேர், பங்குனிப் பெருவிழாவில் ‘ஆரூரா, தியாகேசா’ என்னும் முழக்கத்தினிடையே வீதிவலம் வருகிறது. வடம் பிடிக்கும் ஆயிரக்கணக்கானோர் முன்னோக்கி நடக்கின்றனர். சக்கரத்தின் அருகே முட்டுக்கட்டையோடு நடக்கும் சிலரின் பார்வையோ சக்கரத்தை விட்டு அகலுவதில்லை. உரிய சக்கரத்தின் கீழ்க் கட்டையை இட்டுத் தேரைத் திருப்புபவர்களும், வேகம் மிகும்போது தடுப்பவர்களும் அவர்களே. திருச்சி பெல் நிறுவனத்தார் இரும்புச் சக்கரங்களும் ஹைட்ராலிக் பிரேக்கும் பொருத்திய பின்னரும் அவர்களது தேவை ஒழியவில்லை. உருளும் சக்கரத்தருகே கை நீட்டும் அவர்களுக்கு, ‘நிறுத்து’ என்றால் வடம் பிடிப்போர் நிறுத்துவார்கள் என்னும் நம்பிக்கையே காப்பு.

2022 ஏப்ரலில் தஞ்சாவூரை அடுத்த களிமேட்டில், தேர் உயரழுத்த மின்கம்பியில் உரசி 11 பேர் உயிரிழந்தனர். இழுப்பதைப் போலவே கவனிப்பதும் தேர்ப்பணிதான் என்பதை அத்துயரம் உணர்த்திற்று.

அவ்வாறிருக்க, பேச்சுவழக்கில் ‘முட்டுக்கட்டை போடுகிறார்’ என்பது பழிச்சொல்லாகிவிட்டது. அலுவலகத்திலும் அப்படியே. “கணக்கு இடிக்கிறது, சற்றுப் பொறுங்கள்” என்று சொல்லும் ஊழியர், ஒத்துழைக்காதவர் என்று பெயர் வாங்குகிறார். வங்கியில் பணப் பெட்டகத்தின் சாவிகளை இருவர் பொறுப்பில் வைப்பதும், ஒருவர் பதிந்ததை மற்றொருவர் சரிபார்ப்பதும் சக ஊழியர்மீது கொண்ட ஐயத்தால் அன்று. ஒருவர் அயர்ந்தால் மற்றவர் காக்க வேண்டும் என்பதற்காகவே. நட்பின் பெயரால் சரிபாராமல் கையெழுத்திடுபவர், நண்பரையே ஆபத்தில் தள்ளுகிறார்.

தடுப்பவருக்கும் ஒரு கடமை உண்டு. முட்டுக்கட்டை இடுபவர் தேரை நடுவீதியில் நிறுத்திவைக்க வந்தவர் அல்லர். இடர் நீங்கியதும் கட்டையை எடுத்துவிட்டுத் தேரோடு நடப்பவர். தேர் நிலை சேர வேண்டும் என்னும் வேட்கை, வடம் பிடிப்பவருக்கு இருப்பதைப் போலவே அவருக்கும் இருக்கிறது. அந்த வேட்கை இல்லாமல் தடை மட்டும் சொல்பவரால் பயனில்லை. அவ்வேட்கையோடு தடை சொல்பவரை இழந்துவிட்டால், குழுவில் எஞ்சுவது கூட்டம் மட்டுமே.

பேரப்பிள்ளைகளைத் தேரோட்டத்துக்கு அழைத்துச் செல்லும் பெரியவர்கள், வடத்தைத் தொட்டு வணங்கச் செய்தபின், சற்று விலகி நின்று சக்கரத்தோரம் நடப்பவர்களையும் காட்டலாம். பணியிலிருக்கும் மகனோ மகளோ, “அவர் எதற்கெடுத்தாலும் தடை சொல்கிறார்” என்று வீட்டில் குறைபட்டுக்கொண்டால், ஒன்றே ஒன்று கேட்கலாம்: “அவர் சொன்னதில் உண்மை இருக்கிறதா என்று பார்த்தாயா?”